அலுவலக மெயில் சர்வரிலிருந்து அஞ்சல் போய்ச் சேரவில்லையா? நீலகிரியின் சிறு நிறுவனங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குன்னூர், கோத்தகிரி வட்டாரத்தில் பச்சைத் தேயிலை வாங்கித் தூள் தயாரிக்கும் தொழிற்சாலைகள், தரகு அலுவலகங்கள், தங்கும் விடுதிகள் என்று சில நிறுவனங்களின் மெயில் சர்வர்களை நான் பராமரித்து வருகிறேன். "நாங்கள் அனுப்பிவிட்டோம், அவர்களுக்கு வரவில்லை" என்ற ஒரே புகார்தான் பல வடிவங்களில் என்னிடம் வருகிறது. வெளியே செல்லும் அஞ்சலைப் பற்றி மட்டும் அவர்கள் கேட்டவற்றையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். இவர்களில் பெரும்பாலோர் லினக்ஸ் கணினியில் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சர்வர் மென்பொருளை வைத்திருப்பதால் உதாரணங்கள் அதைச் சார்ந்தவை. வேறு மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கு லாக் (சர்வர் தன் வேலைகளை எழுதி வைக்கும் பதிவேடு) இருக்கும் இடமும் கட்டளைகளின் பெயரும் மாறும், காரணங்கள் மாறா.

அஞ்சல் போகவில்லை என்று தெரிந்தவுடன் முதலில் என்ன செய்ய வேண்டும்?

எந்த அமைப்பையும் மாற்றாமல், சர்வரின் லாக்கில் அந்த ஓர் அஞ்சலுக்குரிய வரியைத் தேடி எடுக்க வேண்டும். பெறுநரின் முகவரியைக் கொண்டு தேடினால், அஞ்சல் எந்த நேரத்தில், எந்தச் சர்வரிடம் கொண்டு போகப்பட்டது, அந்தச் சர்வர் என்ன பதில் சொன்னது என்ற மூன்றும் ஒரே வரியில் கிடைக்கும். அந்த வரியில் ஸ்டேட்டஸ் என்ற இடத்தில் சென்ட், டிஃபர்டு, பவுன்ஸ்டு ஆகியவற்றில் ஒன்று இருக்கும்: அஞ்சல் ஒப்படைக்கப்பட்டது, தள்ளிவைக்கப்பட்டது, மறுக்கப்பட்டது என்று முறையே பொருள். அப்படி ஒரு வரியே இல்லையென்றால் அஞ்சல் உங்கள் சர்வருக்கே வந்து சேரவில்லை. அனுப்பியவரின் கணினியிலோ கைப்பேசியிலோ அவுட்பாக்ஸில் அது கிடக்கிறதா என்று பாருங்கள்.

இதை நான் வலியுறுத்தக் காரணம் உண்டு. அஞ்சல் போகவில்லை என்றதும் டி.என்.எஸ். (டொமைன் பெயருக்குரிய முகவரி விவரங்களை இணையத்துக்குச் சொல்லும் அமைப்பு) பதிவை மாற்றுவது, ஃபயர்வாலைத் திறப்பது, சர்வரை அணைத்து மீண்டும் இயக்குவது என்று மூன்றையும் ஒரே மணி நேரத்தில் செய்துவிட்டு என்னை அழைப்பவர்கள் உண்டு. டி.என்.எஸ். மாற்றம் ஊரெங்கும் தெரிய, பழைய பதிவின் ஆயுட்காலம் முடிய வேண்டும். அது ஒரு மணி நேரமாகவும் இருக்கலாம், ஒரு நாளாகவும் இருக்கலாம். அதற்குள் இன்னொரு மாற்றத்தைச் செய்தால் எது கோளாற்றை உண்டாக்கியது, எது தீர்த்தது என்று யாராலும் சொல்ல முடியாமல் போகிறது. மறுத்த சர்வர் காரணத்தை ஒரு வாக்கியமாகவே எழுதி அனுப்பியிருக்கும்போது அதைப் படிக்காமல் ஊகிப்பது வீண் வேலை.

பதிலில் வரும் 450, 550 போன்ற எண்களுக்கு என்ன பொருள்?

முதல் இலக்கம்தான் முக்கியம். 2 என்று தொடங்கினால் ஏற்றுக்கொள்ளப்பட்டது. 4 என்று தொடங்கினால் இப்போது முடியாது, பிறகு வா என்று பொருள். உங்கள் சர்வர் அஞ்சலை வரிசையில் வைத்துக்கொண்டு தானே மீண்டும் முயலும். 5 என்று தொடங்கினால் அது முடிவான மறுப்பு. சர்வர் மறுபடி முயலாமல் அனுப்பியவருக்கே திருப்பிவிடும்.

அதையடுத்துப் புள்ளிகளுடன் வரும் மூன்று எண்கள் காரணத்தைச் சொல்கின்றன. 5.1.1 என்றால் அப்படி ஒரு பெறுநர் இல்லை. பெரும்பாலும் முகவரியில் எழுத்துப் பிழை. 4.2.2 என்றால் பெறுநரின் பெட்டி நிரம்பிவிட்டது. 5.7 என்று தொடங்குபவை பாதுகாப்பு அல்லது கொள்கை சார்ந்த மறுப்புகள். ஜிமெயில் 5.7.25 என்று சொன்னால் உங்கள் ஐ.பி. முகவரிக்கு (இணையத்தில் உங்கள் சர்வரின் எண் முகவரி) ரிவர்ஸ் டி.என்.எஸ்., அதாவது அந்த எண்ணிலிருந்து பெயரைச் சொல்லும் பதிவு, சரியாக இல்லை, 5.7.26 என்றால் நீங்கள் இன்னார் என்பதற்கான சான்று போதவில்லை. இவற்றுக்கான தீர்வு கீழே வருகிறது.

450 அல்லது 451 என்ற பதிலோடு சில நிமிடம் கழித்து முயலவும் என்று வந்தால் பதற வேண்டியதில்லை. முன்பின் தெரியாத சர்வரை முதல் முறை வேண்டுமென்றே திருப்பியனுப்பி, அது மீண்டும் வருகிறதா என்று பார்க்கும் கிரேலிஸ்டிங் என்ற முறையைப் பலர் வைத்திருக்கிறார்கள். ஒழுங்கான சர்வர் மீண்டும் வரும். ஸ்பேம் அனுப்பும் நிரல்களில் பல வருவதில்லை. புதிய வாடிக்கையாளருக்கு அனுப்பும் முதல் அஞ்சல் கால் மணி, அரை மணி தாமதமாவதற்கு இது ஒரு வழக்கமான காரணம்.

லாக்கில் சென்ட் என்று இருக்கிறது, ஆனால் வாங்குபவர் தமக்கு வரவில்லை என்கிறாரே?

அந்த வரியில் 250 என்ற பதில் இருந்தால், அஞ்சலுக்கான பொறுப்பு அந்த நொடியிலேயே அவர்களுடைய சர்வருக்கு மாறிவிட்டது. பதிவுத் தபாலுக்கு ரசீது வாங்கியதற்கு அது சமம். அஞ்சல் அவர்களுடைய ஸ்பேம் பெட்டியில் இருக்கலாம், அலுவலக வடிகட்டியில் தடுத்து வைக்கப்பட்டிருக்கலாம், வேறொரு முகவரிக்குத் தானாக மாற்றி அனுப்பப்பட்டிருக்கலாம். முதலில் பெறுநரிடம் ஸ்பேம் பெட்டியைப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கும் இல்லையென்றால் அந்த லாக் வரியை, நேரத்தோடும் அவர்களுடைய சர்வர் கொடுத்த அடையாள எண்ணோடும் அவர்களுடைய கணினிப் பிரிவுக்கு அனுப்புங்கள். அந்த எண்ணைக் கொண்டு அவர்கள் தங்கள் பக்கத்தில் தேடிக்கொள்ள முடியும்.

எல்லா அஞ்சலும் டிஃபர்டு என்று நிற்கிறது, காரணம் கனெக்ஷன் டைம்டு அவுட் என்கிறது. ஏன்?

ஒரு பெறுநருக்கு மட்டும் என்றால் அவர்கள் பக்கத்துக் கோளாறு. எல்லோருக்கும் என்றால் உங்களிடமிருந்து போர்ட் 25 (கணினிகள் பேசிக்கொள்ளும் எண்ணிட்ட வாசல்களில் ஒன்று) வழியாக வெளியே போக வழி இல்லை. சர்வருக்குச் சர்வர் அஞ்சல் கொண்டு செல்வது இந்தப் போர்ட்டில்தான் நடக்கிறது. ஸ்பேம் பெருகியதால் வீட்டுத் தொடர்புகளிலும் பல மேகக் கணினிச் சேவைகளிலும் இது அடைக்கப்பட்டிருக்கிறது. கூகுள் கிளவுடில் வெளிப்புற முகவரிகளுக்கு இது இயல்பாகவே மூடப்பட்டிருக்கும், அமேசானின் இ.சி.2-விலும் அனுமதி கேட்ட பிறகே திறப்பார்கள். உங்கள் சர்வரிலிருந்து ஜிமெயிலின் எம்.எக்ஸ். சர்வருக்கு (அஞ்சலைப் பெறும் சர்வர்) டெல்நெட் கட்டளையால் போர்ட் 25-இல் பேசிப் பாருங்கள். 220 என்ற வரவேற்பு வராமல் திரை அப்படியே நின்றால் இணையச் சேவை நிறுவனத்திடம் எழுத்து மூலம் கேட்க வேண்டும். ஊழியர்களின் கணினிகள் உங்கள் சர்வரோடு பேசும் 587, 465 ஆகிய போர்ட்டுகள் வேறு; அவை வேலை செய்வதால் 25-உம் வேலை செய்கிறது என்று கொள்ள வேண்டாம்.

மழைக்காலத்தில் ஃபைபர் அறுந்து 4ஜி-க்கு மாறும் நாட்களில் அஞ்சல்கள் ஏன் திரும்பி வருகின்றன?

மலையில் இருப்பவர்கள் கட்டாயம் புரிந்துகொள்ள வேண்டியது இதுதான். சமவெளிக்காரர்களின் கையேடுகள் இதைப் பெரும்பாலும் தொடுவதே இல்லை என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

வடகிழக்குப் பருவமழையில் பர்லியார் சாலையிலோ கோத்தகிரிச் சாலையிலோ மண் சரிந்தால் அதோடு சேர்ந்து ஃபைபர் கேபிளும் போவதுண்டு. அதற்காகப் பலர் ராவுட்டரில் ஒரு 4ஜி சிம்மைப் போட்டு, ஃபைபர் நின்றால் தானாக அதற்கு மாறும்படி வைத்திருக்கிறார்கள். உலாவிக்கும் வாட்ஸாப்புக்கும் இது நல்ல ஏற்பாடு. மெயில் சர்வருக்கு இது ஆபத்தானது.

காரணம் இதுதான். தொடர்பு முழுவதுமாக அறுந்துவிட்டால் உங்கள் சர்வரால் யாரையும் எட்ட முடியாது. எனவே அஞ்சல் டிஃபர்டு ஆகி வரிசையில் காத்திருக்கும். போஸ்ட்ஃபிக்ஸ் இயல்பாக 5 நாட்கள் வரை வைத்துக்கொண்டு, முதலில் 5 நிமிட இடைவெளியிலும் பிறகு ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான இடைவெளி வரையிலும் முயன்றுகொண்டிருக்கும். கேபிளை ஒட்டியதும் எல்லாம் தானாகப் போய்விடும். ஆனால் 4ஜி-க்கு மாறிவிட்டால் சர்வரால் வெளியே பேச முடிகிறது, பேசுவதோ பலர் பகிர்ந்துகொள்ளும் ஒரு மொபைல் ஐ.பி. முகவரியிலிருந்து. அந்த முகவரிக்கு உங்கள் பெயரில் ரிவர்ஸ் டி.என்.எஸ். இல்லை, உங்கள் அஞ்சல் எங்கிருந்து வரலாம் என்று சொல்லும் எஸ்.பி.எஃப். பதிவில் அது இல்லை, ஸ்பாம்ஹவுஸ் அமைப்பின் பி.பி.எல். போன்ற, நேரடியாக அஞ்சல் அனுப்பக் கூடாத முகவரிகளின் பட்டியலிலும் அது இருக்க வாய்ப்பு அதிகம். எதிர்ச் சர்வர் 5 என்று தொடங்கும் முடிவான மறுப்பைச் சொல்கிறது, உங்கள் சர்வரும் அஞ்சலை உடனே திருப்பிவிடுகிறது. காத்திருந்தால் போயிருக்கக்கூடிய அஞ்சல், மாற்று வழி கிடைத்ததாலேயே தோற்றுப் போகிறது.

கோத்தகிரிப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் இப்படி இரண்டு நாள் நடந்தது. ஏலத்துக்குரிய விவரங்களைத் தரகருக்கு அனுப்பிய அஞ்சல்கள் எல்லாம் திரும்பின. திரும்பி வந்த அறிவிப்பு ஆங்கிலத்தில் நீளமாக இருந்ததால் அலுவலகத்தில் அதை யாரும் பிரித்துப் படிக்கவில்லை. ஃபைபர் சரியான பிறகு அனைத்தும் போய்விட்டன என்றே நினைத்திருந்தார்கள்.

தீர்வு இரண்டு. முதலாவது, மெயில் சர்வரின் உள்முகவரியிலிருந்து போர்ட் 25-க்குச் செல்லும் போக்குவரத்து ஃபைபர் வழியாக மட்டுமே வெளியேற வேண்டும், 4ஜி-க்கு மாறக் கூடாது என்று ராவுட்டரில் விதி எழுதுவது. அப்போது அஞ்சல் வரிசையில் பொறுமையாக நிற்கும். மலைச்சாலை சீராக ஒரு வாரம்கூட ஆகலாம் என்பதால் வரிசையின் ஆயுளை 5 நாளிலிருந்து 7 நாளாக உயர்த்திக்கொள்ளலாம். தாமத எச்சரிக்கையை 4 மணி நேரத்துக்கு வைத்தால் அனுப்பியவருக்கும் நிலைமை தெரியும். போஸ்ட்ஃபிக்ஸில் இந்த எச்சரிக்கை இயல்பாக அணைந்தே இருக்கும்.

இரண்டாவது, வெளியே செல்லும் அஞ்சலைக் கட்டணம் செலுத்தி ஒரு ரிலே சேவை (உங்களிடம் அஞ்சலை வாங்கி மற்ற சர்வர்களிடம் சேர்க்கும் நிறுவனம்) வழியாக அனுப்புவது. உங்கள் சர்வர் கடவுச்சொல்லோடு போர்ட் 587-இல் அந்தச் சேவையோடு பேசும், எந்த ஐ.பி. முகவரியிலிருந்து பேசுகிறீர்கள் என்பது அங்கே பொருட்டல்ல. அன்றன்றே போக வேண்டிய விலைப்பட்டியல், முன்பதிவு உறுதி போன்றவற்றை அனுப்புவோருக்கு நான் இதையே பரிந்துரைக்கிறேன்.

இன்னொன்று: 4ஜி-க்கு மாறியதும் பெயர்களைத் தேட முடியவில்லை என்று லாக் சொன்னால், ஃபைபர் நிறுவனத்தின் டி.என்.எஸ். சர்வரையே உங்கள் கணினி இன்னும் கேட்டுக்கொண்டிருக்கலாம். பல நிறுவனங்களின் டி.என்.எஸ். சர்வர் தம் வாடிக்கையாளருக்கு மட்டுமே பதில் சொல்லும்.

ரிவர்ஸ் டி.என்.எஸ். என்பதை எங்கே அமைப்பது?

டொமைன் வாங்கிய இடத்தில் தேடிப் பார்த்துக் கிடைக்கவில்லை என்று பலர் சொல்கிறார்கள். அது அங்கே இருக்காது. பெயரிலிருந்து ஐ.பி. முகவரிக்குப் போகும் பதிவு உங்கள் கையில் இருக்கிறது, ஐ.பி. முகவரியிலிருந்து பெயருக்குப் போகும் பி.டி.ஆர். பதிவு, அந்த முகவரியின் உரிமையாளரான இணையச் சேவை நிறுவனத்தின் கையில் இருக்கிறது. நிலையான ஐ.பி. முகவரி வாங்கும்போதே அதையும் எழுதிக் கேளுங்கள். அந்தப் பெயரைத் தேடினால் அதே ஐ.பி. முகவரி திரும்ப வர வேண்டும், சர்வர் பேச்சைத் தொடங்கும்போது சொல்லும் பெயரும் அதுவாகவே இருப்பது நல்லது. லோக்கல்ஹோஸ்ட் என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் சர்வரை எவரும் நம்பமாட்டார்கள். உங்கள் சர்வருக்கு ஐ.பி.வி.6 என்ற புதிய வகை முகவரியும் இருந்தால் அதற்கும் இவை எல்லாம் வேண்டும். அமைக்க முடியாவிட்டால் ஐ.பி.வி.4-ஐ மட்டும் பயன்படுத்தும்படி போஸ்ட்ஃபிக்ஸுக்குச் சொல்லிவிடுங்கள்.

எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் மூன்றும் வேண்டுமா?

வேண்டும். 2024 பிப்ரவரி முதல் ஜிமெயில் எல்லா அனுப்புநரிடமும் முதலிரண்டில் ஒன்றையாவது எதிர்பார்க்கிறது. ஒரு நாளைக்கு ஜிமெயில் முகவரிகளுக்கு 5000 அஞ்சலுக்கு மேல் அனுப்புவோரிடம் மூன்றையும் கேட்கிறது. நீங்கள் நாளுக்கு ஐம்பது அனுப்பினாலும் மூன்றையும் அமைத்துவிடுங்கள். ஒரு நாள் வேலைதான்.

எஸ்.பி.எஃப். என்பது எந்த முகவரிகளிலிருந்து உங்கள் டொமைனின் அஞ்சல் வரலாம் என்று நீங்கள் வெளியிடும் பட்டியல். இதில் நான் அதிகம் காணும் பிழை, ஒரே டொமைனுக்கு இரண்டு எஸ்.பி.எஃப். பதிவுகள் இருப்பது. பழைய ஆள் ஒன்றை எழுதியிருப்பார், பில் மென்பொருள்காரர் இன்னொன்றைச் சேர்த்திருப்பார். இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது; ஒன்றாக இணைக்க வேண்டும். அந்தப் பதிவைச் சரிபார்க்க 10 டி.என்.எஸ். தேடலுக்கு மேல் ஆனாலும் அது செல்லாது.

டி.கே.ஐ.எம். என்பது ஒவ்வோர் அஞ்சலிலும் உங்கள் சர்வர் இடும் கையொப்பம். அதைச் சரிபார்க்கும் பொதுச் சாவி டி.என்.எஸ்.ஸில் இருக்கும். 2048 பிட் சாவியை ஒட்டும்போது பாதியில் வெட்டுப்படுவது இதன் வழக்கமான கோளாறு. அந்தச் சாவியை வைக்கும் டி.எக்ஸ்.டி. என்ற டி.என்.எஸ். பதிவின் ஒரு துண்டில் 255 எழுத்துக்கு மேல் நிற்காது, எனவே சாவியை இரண்டு துண்டாகப் பிரித்து மேற்கோள் குறிகளுக்குள் இட வேண்டும். பெறுநர் தம் அஞ்சலை வேறு முகவரிக்கு மாற்றி அனுப்பும்போது எஸ்.பி.எஃப். உடைந்துவிடும், உள்ளடக்கம் மாறாதவரை கையொப்பம் நிலைக்கும். ஆகவே இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் டி.கே.ஐ.எம். செய்யுங்கள் என்பேன்.

டிமார்க் என்பது, பெறுநர் கண்ணால் காணும் அனுப்புநர் டொமைனும் மேற்கண்ட இரண்டில் ஒன்று உறுதிப்படுத்திய டொமைனும் ஒத்துப்போகவில்லையென்றால் என்ன செய்ய வேண்டும் என்று நீங்கள் தரும் அறிவுரை. முதலில் எதுவும் செய்ய வேண்டாம் என்ற நிலையில் வைத்து, நாள்தோறும் வரும் அறிக்கைகளைச் சில வாரம் பாருங்கள். நீங்கள் மறந்தே போன ஏதோ ஒரு சேவை உங்கள் பெயரில் அஞ்சல் அனுப்புவது அப்போதுதான் தெரியவரும்.

எங்கள் விடுதியின் இணையதளத்தில் விருந்தினர் நிரப்பும் படிவம் சில நேரம் வருகிறது, சில நேரம் வருவதில்லை. ஏன்?

படிவம் பெரும்பாலும் விருந்தினரின் முகவரியையே அனுப்புநராகப் போட்டு அஞ்சல் எழுதுகிறது. அவருடைய முகவரி யாஹூவாக இருந்தால், தன் பெயரில் வேறு எவரும் அனுப்பினால் மறுத்துவிடுங்கள் என்று யாஹூ 2014 முதலே உலகுக்கு அறிவித்திருக்கிறது. எனவே டிமார்க் பார்க்கும் சர்வர் அதை மறுக்கும். அனுப்புநர் இடத்தில் உங்கள் விடுதியின் முகவரியையும், பதில் அனுப்ப வேண்டிய இடத்தில் விருந்தினரின் முகவரியையும் இடும்படி இணையதளம் செய்தவரிடம் சொல்லுங்கள். கோடைச் சீசன் தொடங்குமுன் இதைச் செய்துவிடுவது நல்லது.

எங்கள் ஐ.பி. முகவரி தடைப்பட்டியலில் இருப்பதாகச் சொல்கிறார்கள். நீக்கச் சொல்லலாமா?

காரணத்தைக் கண்டுபிடித்து நிறுத்தாமல் நீக்கச் சொல்லாதீர்கள். மறுபடி பட்டியலில் ஏறினால் அடுத்த முறை நீக்குவது கடினமாகும்.

காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. ஊழியர் ஒருவரின் கடவுச்சொல் திருடு போயிருக்கலாம். நான் பார்த்த ஓர் அலுவலகத்தில், ஓய்வு பெற்றுப் போன கணக்காளரின் கணக்கை நீக்காமல் விட்டிருந்தார்கள்; எளிய கடவுச்சொல். ஒரு சனிக்கிழமை இரவு யாரோ அதில் நுழைந்து, திங்கள் காலைக்குள் வரிசையை ஸ்பேமால் நிரப்பிவிட்டார். வரிசையைக் காட்டும் மெயில்கியூ கட்டளையில் அது அளவுக்கு மீறி நீண்டிருந்தால், லாக்கில் எந்தக் கணக்கின் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது என்று பாருங்கள். அந்தக் கடவுச்சொல்லை மாற்றி, அந்தக் கணக்கின் அஞ்சல்களை மட்டும் வரிசையிலிருந்து நீக்கிவிட்டு, அதன் பிறகே விண்ணப்பியுங்கள். ஒரு கணக்கு ஒரு மணி நேரத்தில் இத்தனை அஞ்சலே அனுப்பலாம் என்று வரம்பும் வைத்துவிடுங்கள்.

மற்றது, அலுவலகத்தின் வேறொரு கணினியில் வைரஸ் புகுந்து அதே ஐ.பி. முகவரியிலிருந்து நேரடியாக ஸ்பேம் அனுப்புவது. இது மெயில் சர்வரின் லாக்கில் தெரியவே தெரியாது. மெயில் சர்வரைத் தவிர மற்ற எந்தக் கணினியும் போர்ட் 25-இல் வெளியே போக முடியாதபடி ராவுட்டரில் தடுத்துவிட வேண்டும்.

மின்தடைக்குப் பிறகு மட்டும் சிக்கல் வருகிறதே?

சர்வரின் கடிகாரத்தைப் பாருங்கள். பழைய கணினிகளில் மதர்போர்டின் சிறு பேட்டரி தீர்ந்திருந்தால், மின்சாரம் திரும்பியதும் தேதி பல ஆண்டுகள் பின்னே போய்விடும். அப்போது பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாதவையாகத் தோன்றும், அஞ்சலின் தலைப்பில் தவறான தேதி ஏறி ஸ்பேமாகக் கருதப்படும். பேட்டரியை மாற்றி, நேரத்தை இணையத்திலிருந்து பெறும் என்.டி.பி. சேவையை இயக்கிவிடுங்கள். யு.பி.எஸ். இல்லாமல் மெயில் சர்வர் வைக்கவே கூடாது.

பெரிய இணைப்புக் கோப்புகள் மட்டும் போவதில்லை?

கோப்பு அஞ்சலில் ஏறும்போது மூன்றில் ஒரு பங்கு பருத்துவிடும். போஸ்ட்ஃபிக்ஸின் இயல்பான வரம்பு 10 எம்.பி. அளவு என்பதால் 8 எம்.பி. படமே தடைபடும். வரம்பை உயர்த்தலாம், ஆனால் எதிர்ப்பக்கத்திலும் ஒரு வரம்பு இருப்பதால், தோட்டப் படங்களை இணைய லிங்க்காக அனுப்புவதே மேல்.

இவ்வளவு தொல்லையிருக்க, சொந்தச் சர்வர் தேவைதானா?

அஞ்சல்கள் தம் கட்டடத்திலேயே இருக்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்கும், நாற்பது ஐம்பது கணக்குகளுக்கு மாதக் கட்டணம் கட்ட முடியாதவர்களுக்கும் தேவைதான். அவர்கள் பெறுவதையும் சேமிப்பதையும் சொந்தச் சர்வரில் வைத்துக்கொண்டு, அனுப்புவதை மட்டும் ரிலே வழியாகச் செய்வது என் அனுபவத்தில் நன்றாக நடக்கிறது. ஐந்து பேர் உள்ள அலுவலகம் என்றால், பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத சர்வரை வைத்திருப்பதைவிடக் கட்டணச் சேவைக்கு மாறிவிடுங்கள் என்றே சொல்கிறேன்.

உதவி கேட்கும்போது என்ன அனுப்ப வேண்டும்?

அஞ்சல் அனுப்பிய நாள், நேரம், அனுப்புநர், பெறுநர் முகவரிகள், லாக்கின் அந்த ஒரு வரி முழுமையாக, அந்த நேரத்தில் ஃபைபரில் இருந்தீர்களா 4ஜி-யில் இருந்தீர்களா என்ற விவரம், கடந்த ஒரு வாரத்தில் நீங்கள் மாற்றிய அமைப்புகள். திரும்பி வந்த அஞ்சலைத் ஸ்கிரீன்ஷாட்டாக எடுக்காமல், முழுத் தலைப்போடு கோப்பாகச் சேமித்து அனுப்புங்கள். கடவுச்சொல்லையும் டி.கே.ஐ.எம். தனிச் சாவியையும் யாருக்கும் அனுப்பாதீர்கள். அவற்றைக் கேட்காமலேயே இந்தக் கோளாறுகளைக் கண்டுபிடிக்க முடியும்.